செருப்புத் தைத்தவர் மகனும் உயிரின் எழுத்தும்

பிறக்கும்போதே பிரமன் தலையில் எழுதிவிட்டான் என்பர் நம்மவர். அவ்வெழுத்தைக் கண்டவர் எவருமிலர். ஆனால், பிறப்போடு வரும் எழுத்தொன்று மெய்யாகவே உண்டு. அதனைப் படித்தறிந்த அறிஞருள் ஒருவர் நமது சிங்கப்பூரிலேயே கண்மூடினார். அவர் வரலாற்றைத் தமிழர் அறிதல் நலம்.

சிட்னி பிரென்னர் 1927இல் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைப்பவர். எழுதப் படிக்க அறியாதவர். நம் நாட்டில் அன்று அத்தொழிலாளியின் பிள்ளையைப் பள்ளித் திண்ணையில் ஏறவிட்டிருப்பார்களா? சிந்தித்துப் பாருங்கள்.

நமது உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆயது. அவற்றின் பெரும்பாலான வேலைகளைச் செய்வன புரதங்கள். அவற்றை எவ்வாறு ஆக்குவது என்னும் விவரம் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துக்களால் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்விழையின் அமைப்பை 1953இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. இழை இருப்பது உயிரணுவின் கருவினுள். புரதம் ஆவதோ வெளியே, ரைபோசோம் என்னும் பட்டறையில். இடையே செய்தி கொண்டு செல்வது எது?

தோட்டத்து ஆபீஸை நினைவு கூருங்கள். பெரிய கணக்குப் புத்தகம் வெளியே போவதில்லை. கிராணியார் வேண்டிய பகுதியை மட்டும் ஒரு சீட்டில் நகலெடுத்து அனுப்புவார். வேலை முடிந்ததும் சீட்டுக் கிழிபடும். உயிரணுவிலும் இஃதே முறை. 1960இல் பிரென்னர், ஜாக்கோப், மெசல்சன் மூவரும் கலிபோர்னியாவில் சோதனை நடத்தினர். ஒரு நுண்ணுயிரை வைரஸ் பற்றியபோது புதுப் பட்டறை எழவில்லை. பழைய பட்டறையே வைரஸின் சீட்டை ஏற்று அதன் புரதத்தை ஆக்கியது. ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனிச் செய்தி உண்டென்ற பழைய கொள்கை வீழ்ந்தது. 1961இல் வெளியான இச்சீட்டே தூது ஆர்.என்.ஏ.

மும்மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல்லாகும் என்பதையும் அவ்வாண்டே கிரிக்கும் பிரென்னரும் காட்டினர். சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பன. மூன்று ‘நிறுத்து’ என்பன. இவ்வகராதியை முடித்துத் தந்தோருள் ஹர் கோவிந்த் கொரானா பஞ்சாபின் சிற்றூரில் பிறந்தவர். 1968இல் நோபல் பரிசு பெற்றார். பட்டறையின் உருவத்தைத் தெளிவாக்கி 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நமது சிதம்பரத்தில் பிறந்தவர்.

1985இல் சிங்கப்பூரில் மூலக்கூறு, உயிரணு ஆய்வுக் கழகம் எழப் பிரென்னரின் யோசனை பெருந்துணை புரிந்தது. 2003இல் இந்நாடு அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. 2019 ஏப்ரல் 5இல் அவர் இங்கே மறைந்தார். மறு ஆண்டு டிசம்பர் 30இல் கொரோனா தடுப்பூசி இங்குத் தொடங்கியது. செங்காங் அடுக்ககத்தாரும் தோளில் ஏற்ற அவ்வூசியில் இருந்தது அவர் கண்ட அதே தூதுச் சீட்டு!

அன்பர்களே, அற்ப வேறுபாடுகள் நீங்கலாக, நுண்ணுயிருக்கும் ரப்பர் மரத்துக்கும் மனிதனுக்கும் அகராதி ஒன்றே. அக்கிரகாரத்துக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்றில்லை. அந்த 64 சொற்களில் ஜாதி என்னும் சொல் கிடையாது. அதை எழுதியவன் மனிதனே. ஆதலின் அழிக்க வேண்டியவனும் அவனே. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்; அழிக்கும் வேலையை அவர்கள் விரைவில் முடிப்பார்கள்.