அறுபத்தேழாம் அடுக்கின் காரணிகள்

அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் இருபத்தோரிலக்க எண் கிடைக்கிறது. பிரெஞ்சுத் துறவி மரென் மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலில், இரண்டின் அடுக்கினும் ஒன்று குறைந்த எண்களுள் எவை பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை என்று கூறியபோது, 257 வரையுள்ள அடுக்குகளில் பதினொன்றை மட்டும் குறித்து, அவற்றுள் 67-ஐயும் சேர்த்தார்; சான்று எதுவும் தரவில்லை.

இருநூறாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாதிருந்த அக்கூற்றை 1876-இல் எதுவார் லூக்கா தகர்த்தார். வகுக்கும் எண்ணைத் தேடாமலேயே பகா எண்ணைப் பிரித்தறியும் சோதனை ஒன்றை வகுத்த அவர், இது பகு எண்ணே எனக் காட்டினாரேனும், அதன் காரணிகள் யாவை என்பதை அச்சோதனை சொல்லவில்லை. வகுபடும் என்று அறிவதும் எதனால் வகுபடும் என்று அறிவதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அக்காரணிகளை 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன் வைத்தவர் பிராங்க் நெல்சன் கோல்: 193707721, 761838257287. ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்றும் வழங்கும் செய்தி, பல பத்தாண்டுகளுக்குப் பின் எரிக் டெம்பிள் பெல் எழுதியது. கதையைச் சுவைபடச் சொல்வதில் வல்லவரான அவரை முற்றும் நம்புவதற்கில்லை. உழைப்பின் அளவை எண்களே உணர்த்துகின்றன. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாயின், இத்தகைய எண்ணின் எந்தக் காரணியும் அடுக்கின் இருமடங்கால் வகுக்கப்படும்போது மீதி ஒன்று தரும். ஆதலால் 135, 269, 403 எனச் செல்லும் வரிசையில் மட்டும் தேடினால் போதும். ஆயினும் சிறிய காரணி அவ்வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது கைக்கணக்குக்கு அடங்காதாகையால், வர்க்க எண்களை வகுக்கையில் எஞ்சும் மீதிகளைக் கொண்டு பொருந்தாதவற்றைக் கூட்டங்கூட்டமாக விலக்கினார் கோல்.

மெர்சென் விட்டுவிட்ட 61 பகா எண்ணைத் தருவதென 1883-இல் இவான் பெர்வூஷின் நிறுவியதால், 67 என்பது அச்சுப்பிழையோ எனச் சிலர் ஐயுற்றனர். பின்னர் 89, 107 ஆகிய அடுக்குகளும் பட்டியலில் விடுபட்டவை என்று தெரியவந்து, 257 தவறாகச் சேர்க்கப்பட்டது என்றும் வெளிப்பட்டபின், பழியை அச்சுக்கோப்பவர் மேல் மட்டும் சுமத்த இடமில்லாமற்போயிற்று.