இறப்பில் இருந்த சிரட்டை: பழைய பொருட்களை இனங்காண்பது எப்படி?

கடந்த வருடம் வலிகாமத்தில் உள்ள அம்மம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கினோம். பழைய இரும்பு வாங்குபவர் படலையில் காத்திருந்தார். சாமான் அறையில் கிடந்தவற்றில் பாதிக்கு எங்களுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. அவற்றை இனங்காண முயன்றபோது கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

முதலாவது, கண்டவுடன் தேய்த்துக் கழுவவேண்டாம். கரி, எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு எல்லாமே சாட்சிகள்தான். பனையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அது கருப்பநீர் இறக்கக் கட்டியது. சுண்ணாம்பு பூசினால் சாறு புளித்துக் கள்ளாகாது. நான் அப்படி ஒரு முட்டியைக் கழுவி முடித்த பிறகுதான் இதை அறிந்தேன்.

இரண்டாவது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊர்களில் கேணியடியிலும் தெருவோரத்திலும் தனியே நிற்கும் கல்லைச் சிலர் எல்லைக்கல் என்று நினைக்கிறார்கள். மாட்டின் உடம்பு படும் உயரத்தில் அது வழவழப்பாக இருந்தால், மாடுகள் உரஞ்சுவதற்காக நாட்டிய ஆவுரஞ்சிக்கல் அது.

மூன்றாவது, பெயரைக் கேட்பதைவிடப் பொருளைக் கையில் கொடுத்துப் பாருங்கள். சிறிய இரும்புக் கத்தி ஒன்று கிடைத்தது. மரப்பிடி இல்லை, பிடியின் நுனி கூராக இருந்தது. பிடி கழன்ற கத்தி என்று நினைத்துக் குவியலில் போட்டுவிட்டேன். அம்மம்மாவுக்குக் கடகமும் சுளகும் இழைத்துக் கொடுத்த ஆச்சி ஒருவர் அயலில் இருக்கிறார். அவர் அதைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகவே ஓலை வாரத் தொடங்கின. "சத்தகம் பிள்ளை" என்றார். அலகால் ஓலையை வார்ந்து, கூர்நுனியால் இழையைக் கிளப்பி அடுத்த ஓலையைச் செருகவேண்டும். பன்ன வேலைக்கு அது ஒன்றே போதும்.

நான்காவது, பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவையுங்கள். இதைத்தான் பலரும் தவறவிடுகிறோம். கண்ணாடி அலுமாரிக்குள் பித்தளை மூக்குப்பேணி ஒன்று இருந்தது. விளிம்பில் வாய் படாமல், மூக்கு வழியாக ஊற்றிக் குடிப்பதற்கானது. வீட்டின் பின்பக்கத்துக் கூரை இறப்பிலோ நன்றாக வழித்து மினுக்கிய சிரட்டை ஒன்று செருகப்பட்டிருந்தது. அகப்பைக்கு வெட்டியது என்றால் காம்பு செருகத் துளை இருக்கவேண்டும். இல்லை. குசினியில் இருக்கவேண்டியது ஏன் வெளியே இருந்தது?

ஆச்சியிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"வேலைக்கு வாறவைக்குத் தேத்தண்ணி குடுக்கிறது. உங்கட அம்மம்மா நல்லவதான் பிள்ளை. எனக்கும் இதிலைதான் தந்தவ."

சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதை 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. அதன் பின்னரும், 1966 ஒக்டோபர் 21 அன்று, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலம் போகவேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் சம உரிமை கேட்டு நடந்த போராட்டங்களில் அதுவும் ஒன்று. இதை வாசித்திருந்தேன். எங்கள் வீட்டு இறப்பிலும் அது இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துண்டு எழுதிக் கட்டுகிறேன்: பெயர், செய்த வேலை, இருந்த இடம், பயன்படுத்தியவர், சொன்னவர். சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் முதியவர்கள். ஆகவே உங்கள் வீட்டிலும் இதைப் பிற்போடவேண்டாம்.

பழைய இரும்பு வாங்குபவர் மூக்குப்பேணிக்கு நல்ல விலை கேட்டார். சிரட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூக்குப்பேணியை நாங்கள் விற்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறோம். சிரட்டையின் துண்டில் ஆச்சி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.