எண்ணிக்கையில் விடுபட்டவர்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பகுதியில் அமைந்துள்ளது ஏலாக்குறிச்சி. இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குக் கோயில் கொண்ட அடைக்கல அன்னை மீது கலம்பகமும் பாடியவர் வீரமாமுனிவர். திருத்தலத்திற்கு வருவோர் அவரைத் தேம்பாவணி தந்த பெரும்புலவராக நினைவுகூர்கின்றனர். கதை எழுத விழையும் நம் இளைஞர்களோ அவரது மற்றொரு முகத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1680-இல் இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த இயேசு சபைத் துறவி கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி, 1710-இல் இந்தியா வந்தடைந்தார். வேற்றுமொழியாளராய் வந்தவர் 1726-இல் 3,615 பாடல்கள் கொண்ட காப்பியத்தை நிறைவு செய்தார். அத்தகைய செந்தமிழ்ப் புலமை வாய்த்தவர், மக்கள் நாவில் வழங்கிய தமிழை இகழவில்லை. கொடுந்தமிழ் எனப்பட்ட அப்பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் தனியே ஓர் இலக்கணம் வகுத்தார். 1732-இல் சதுரகராதியை உருவாக்கினார். சொற்களை இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்த கையே 'பரமார்த்த குருவின் கதை'யை எளிய உரைநடையில் எழுதியது.

புகழ் நாடி எழுதிய நூலன்று அது. புதிதாக வந்த மறைபரப்பாளர்கள் மக்களின் மொழியைக் கற்றுக்கொள்ளத் துணையாக, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அமைத்த பயிற்சிக் கதை. முனிவர் 1747-இல் மறைந்து 75 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1822-இல், பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அது இலண்டனில் அச்சேறியது. தமிழ் உரைநடைப் புனைகதைக்கு முன்னோடியாக இன்று போற்றப்படும் நூலின் தோற்றம் இத்துணை எளியது. 'நான் எழுதுவது யாருக்குப் பயன்படும்?' என்ற வினாவிலிருந்தே அது பிறந்தது.

கதையை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களுடன் குரு ஓர் ஆற்றங்கரையை அடைகிறார். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா எனச் சோதிக்கக் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறார்கள். அது சீறியதும் அஞ்சி ஓடுகிறார்கள். பிறகு அணைந்த கட்டையை வைத்து, ஓசை எழாததால் ஆறு உறங்குகிறது எனத் துணிந்து கடக்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஒருவரைக் காணோம்! எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு மற்றவரை மட்டுமே எண்ணுகிறார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதென்று அழுது புலம்புகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ணச் செய்த பிறகே கணக்குச் சரியாகிறது.

பிற சமயத் துறவியரை எள்ளி நகையாடவே முனிவர் இதனை எழுதினார் என்பாரும் உளர். அப்படிப் படிப்பது எளிது. ஆனால் இதனை எழுதியவரும் ஒரு குரு; முதன்முதலில் படிக்க வேண்டியிருந்தவர்களும் குருக்கள்; அவர்களுக்கும் சீடர்கள் இருந்தனர். பங்குப் பணியில் ஆண்டுகள் பல கழித்துவிட்ட நான் அந்த ஆற்றங்கரைக் காட்சியைப் படிக்கும்போது பிறரைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை. மறையுரையில் எல்லாருடைய குறைகளையும் எண்ணிவிட்டு என்னை மட்டும் விட்டுவிட்ட ஞாயிறுகள் நினைவுக்கு வருகின்றன.

கதை எழுதுவோர்க்கும் இத்தவறு நேர்கிறது. குருமடத்தில் பயின்ற நாளில் நானும் ஒரு சிறுகதை எழுதினேன். குடிகாரன் ஒருவன் இறுதியில் மனந்திரும்பும் கதை. அதனை நான் பார்த்தறியாத பம்பாய் நகரில் நிகழ்த்தியிருந்தேன். படித்த பேராசிரியர், "இம்மனிதனை உமக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அம்மனிதர் என் தந்தை. எங்கள் வீட்டுத் திண்ணையையும், விளக்கணைத்துவிட்டு விழித்திருந்த தாயையும் எழுத வெட்கி, அவரைத் தொலைதூர நகருக்கு அனுப்பியிருந்தேன். உண்மையில் அவர் மனந்திரும்பவுமில்லை. அந்தக் கதையில் நான் என்னையே எண்ணாமல் விட்டிருந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து இளைஞர்கள் என்னிடம் தரும் கையெழுத்துப் படிகளிலும் அதே தொலைதூர நகரம்தான் வருகிறது. முந்திரிக் காடுகளோ, சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரும்பள்ளங்களோ, சிமென்ட் தூசி படிந்த ஓடுகளோ, பருத்திக்கும் வெங்காயத்துக்கும் விலை இறங்கிய ஆண்டின் கடனோ அவற்றில் இடம்பெறுவதில்லை. தாம் அறிந்தவை கதைக்குத் தகுதியற்றவை என எண்ணுகிறார்கள் போலும்.

நம் கத்தோலிக்க மரபிலேயே தோன்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இதற்கு மாறானவர். 1826-இல் திருச்சிராப்பள்ளிப் பகுதிக் குளத்தூரில் பிறந்தவர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றினார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். 1879-இல் தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அந்நூலில் அறிவுரை மிகுதி என்னும் குறை உண்மையே. எனினும் வழக்குகளும் வழக்காளிகளும் நிறைந்த உலகில் நாள்தோறும் வாழ்ந்தவரின் அனுபவம் அதில் கலந்திருக்கிறது. அலுவலில் பழகிய உரைநடையே அவருக்குக் கதைக் கருவியாயிற்று.

எழுதத் தொடங்குவோர்க்கு நான் கூற விரும்புவன சிலவே. முதலாவது, முனிவரைப்போல் கேளுங்கள். சந்தையிலும் பேருந்திலும் கேட்கும் சொற்களை ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். இரண்டாவது, யாருக்காக எழுதுகிறீர்கள் எனத் தெளியுங்கள். மூன்றாவது, எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் அதில் இருக்கிறீர்களா?

நான்காவது, முடிவில் நீதி சொல்ல விரையாதீர்கள். இதனை இயேசு பெருமானிடமே கற்கலாம். ஊதாரி மைந்தன் உவமையில் (லூக்கா 15) மூத்த மகன் சினந்து வெளியே நிற்கிறான். தந்தை வந்து வேண்டுகிறார். அவன் உள்ளே போனானா என்பதை ஆண்டவர் சொல்லவில்லை. கேட்பவரே அவ்வாசலில் நின்று முடிவு செய்யட்டும் என விட்டுவிட்டார்.

அந்தப் பழைய கதையை இப்போது மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். திண்ணை இருக்கிறது, தாய் விழித்திருக்கிறார், தந்தை இன்னும் வீடு திரும்பவில்லை. கதவருகே ஒரு சிறுவனும் நிற்கிறான்.