உப்புநீர்த் தொட்டியும் தோல்மேல் ஒட்டும் கருவியும்

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பது நம் நாட்டு வைத்தியரின் வழக்கம். அவர் கையை எடுத்ததும் நாடி சொல்லும் செய்தியும் நின்றுவிடுகிறது. நள்ளிரவில் இருதயம் தடுமாறினால் அதனை அறிவார் யார்? உடலோடு ஒன்றியிருந்து இடைவிடாது கவனிக்கும் கருவி வேண்டும் என்ற எண்ணம் இக்குறையினின்றும் பிறந்ததே. இன்று அக்கருவி தோலின்மேல் ஒட்டும் மெல்லிய ஏடாக வந்திருக்கிறது. அது வந்த வழியைச் சற்றே காண்போம்.

1887இல் அகஸ்டஸ் வாலர் என்னும் உடலியல் அறிஞர், மனித இருதயத்தில் எழும் மின்னோட்டத்தை உடலுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்து காட்டினார். பின்னர்த் தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து நிற்கச் செய்து, சபையோருக்கும் இதனை விளக்கினார். இது பிராணிவதை அன்றோ என 1909இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. பாத்திரத்தில் இருந்தது சாதாரண உப்பு கலந்த நீரே என்று அரசாங்கம் விடையிறுக்க நேர்ந்தது!

ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1901இல் இன்னும் நுட்பமான கருவியொன்றை அமைத்தார். வலிய மின்காந்தத்தின் இடையே வெள்ளி பூசிய மெல்லிய படிக இழை ஒன்று தொங்கும். இருதயத் துடிப்பின் மின்சாரம் பாயும்போது அவ்விழை அசையும். இழை மெல்லியதாயினும் கருவி மெல்லியதன்று. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமர வேண்டும். ஆஸ்பத்திரியோ சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எனவே 1905இல் டெலிபோன் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார் ஐந்தோவன். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

படுத்திருப்பவனின் துடிப்பு வேறு, நடமாடுபவனின் துடிப்பு வேறு. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், 1940களின் இறுதியில் ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்துகொண்டே தம் இருதயத் துடிப்பை வானொலி அலைகளின் மூலம் அனுப்பிக் காட்டினார். 1961இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தபோது, கருவி கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

எடை குறைந்தது, ஆயினும் தோல் இணங்கவில்லை. தோல் நீளும், சுருங்கும், வியர்க்கும். சிலிக்கனும் உலோகமும் விறைத்து நிற்பவை. இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு இருந்தது என்பது நம் கருத்து. 2011இல் இல்லினாய் சர்வகலாசாலையில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் ஒரு வழி கண்டனர். கண்ணாடியும் இழையாக நூற்றால் வளைகிறது அன்றோ? அவ்வாறே சிலிக்கனை மிக மெல்லியதாக்கி, இணைப்புக் கம்பிகளைப் பாம்பு நெளிவதுபோல் வளைத்து, தோலைப் போலவே இளகும் ஏட்டில் பதித்தனர். தோல் நீளும்போது நெளிவு விரிந்து கொடுக்கும், கம்பி அறுவதில்லை. குழந்தைகள் நீர் தடவிக் கையில் ஒட்டும் படத்தைப் போல் இதனை ஒட்டலாம். 2017இல் டோக்கியோவில் தாக்காவோ சோமேயா குழுவினர், தோல் மூச்சுவிடத் தக்க பொன்னிழை வலையையே அமைத்தனர்.

இதனால் யாருக்குப் பயன்? குறைமாதத்தில் பிறந்த சிசுக்களை நினைப்போம். 2020இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன என்பது மதிப்பீடு. உலகிலேயே மிகுதியான எண்ணிக்கை இதுவே. அச்சிசுவின் தோல், ஒட்டுநாடாவை எடுக்கும்போதே உரிந்துவிடக் கூடியது. உடலெங்கும் கம்பிகள் இருப்பதால், தாய் எடுத்து மார்போடு அணைக்கவும் தயங்குகிறாள். 2019இல் ரோஜர்ஸ் குழுவினர், மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக இரண்டே மெல்லிய ஏடுகளைக் கம்பியின்றி ஒட்டி, சிகாகோ நகர ஆஸ்பத்திரிகளில் சிசுக்களின் துடிப்பையும் மூச்சையும் இரத்தத்தின் பிராணவாயுவையும் அளந்தனர். தாய் மடியில் கிடக்கும்போதும் கணக்கு நிற்பதில்லை.

இன்னும் ஒன்று நம்மவர் கவனிக்க வேண்டுவது. பிராணவாயுவை அளப்பது தோலின் ஊடே செல்லும் ஒளி. கறுத்த தோல் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். விரலில் மாட்டும் பழைய கருவிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இது: கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், உண்மையில் பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரிடத்தில் நூற்றுக்கு 3.6 முறை, கறுப்பரிடத்தில் 11.7 முறை. கோவிட் நாட்களில் நம் வீடுகளில் எத்தனை பேர் அக்கருவியின் எண்ணை நம்பி இரவைக் கழித்தனர்! 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், இத்தகைய கருவிகளைப் பல நிறத் தோலுடைய 150 பேருக்குக் குறையாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் எனப் பரிந்துரைக்கும் நகல் வழிகாட்டுதலை வெளியிட்டது. பாதத்தில் ஒட்டும் மெல்லிய ஏடும் அதே ஒளியைக் கொண்டுதான் அளக்கிறது.