சோற்றைக் குறைக்கச் சொன்னவர்கள்: ‘கொழுப்பு’ என்ற சொல்லின் வரலாறு

என் பெரியம்மா மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். பதினெட்டு வருட வேலை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எடை மிஷினில் ஏற்றினார்கள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சோத்தக் கொறைம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் அக்கா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வேலையில் மயங்கி விழுந்த பிறகுதான் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6. மூச்சு வாங்கியது ரத்தச்சோகையால். பருத்த உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோழர்களே, இதை ஒரு டாக்டரின் அலட்சியம் என்று மட்டும் கடந்துபோக முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் நம் மொழியைப் பாருங்கள். கொழுப்பு என்றால் உடம்பில் சேர்வது. கொழுப்பு என்றால் திமிர். பண்ணையாருக்குத் தொந்தி இருந்தால் அது செல்வாக்கு. சேரியில் ஒருவர் கூலியை உயர்த்திக் கேட்டால், தோளில் துண்டு போட்டு நடந்தால், “தின்ன கொழுப்பு” என்பார்கள். உழைக்கிறவன் உடம்பில் சதை இருந்தால் அதை அடக்க வேண்டிய ஒன்றாகவே சாதிச் சமூகம் பார்த்தது.

வெள்ளை அரசும் அப்படித்தான் கணக்குப் போட்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் சுருண்டு விழுந்தபோது, வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை. இது உயிரைத் தக்கவைக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. அதற்குள் செத்தவர்கள் செத்துப் போயிருந்தார்கள். நிலமற்ற கூலிகளே அதிகம்.

அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்த மக்களை உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் சுற்றுகின்றன. பசி என்றால் எலும்பு தெரிய வேண்டும் என்ற பாடத்தை உலகம் இப்படித்தான் படித்தது. எலும்பு தெரியாத ஏழையின் பசியை யாரும் நம்புவதில்லை.

அடுத்து நிலம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதும், 1994-இல் அதை மீட்கக் கேட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் பலியானதும் உங்களுக்குத் தெரியும். நிலம் போனால் கீரை போகும், பயறு போகும், மாடும் கோழியும் போகும்.

1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல் போய் ஷிப்ட் வந்தது. ரேஷன் அரிசி நம் வயிற்றை நிரப்பியது. அது போராடிப் பெற்ற உரிமை, அதைக் கேலி பேச யாரையும் விடக்கூடாது. ஆனால் பருப்பும் முட்டையும் கறியும் பழமும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கைக்கெட்டுவது டீயும் போண்டாவும்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. அக்கா இரண்டு கணக்கிலும் இருக்கிறார்.

பி.எம்.ஐ. என்ற அளவுகோலுக்கும் கதை உண்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1832-இல் தந்தவர் பெல்ஜிய வானியலாளர் குவெட்லெட். அவர் மருத்துவர் அல்ல. ஐரோப்பியரின் சராசரியைத் தேடியவர். 1972-இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். 2009-இல் இந்திய நிபுணர்கள், நமக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று வரையறுத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. ஏன்? எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பு ஒப்பீட்டில் கூடுதல் என்று புனே வட்டாரக் கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் கண்டார்கள். அதாவது தாய் பட்டினி கிடந்ததன் சுவடும் இந்த உடம்பில் இருக்கிறது. அந்த உடம்பைப் பார்த்துத்தான் “சோற்றைக் குறை” என்கிறார்கள். டெம்பிள் சொன்னதும் அதுதானே?

எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடையைப் பார்த்ததும் சோதனையை நிறுத்தாதீர்கள் என்கிறேன். ரத்தத்தைச் சோதி, தைராய்டைப் பார், என்ன வேலை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று கேள். இது சலுகை அல்ல, நோயாளியின் உரிமை. கூடப் போகிற தோழர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் கூட்டங்களிலும் ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். நாம் மாலை போடும் சிலைகளில் அண்ணல் அம்பேத்கர் ஒல்லியாக இல்லை. கோட்டு சூட்டில், பருத்த உடம்போடு நிமிர்ந்து நிற்கிறார். சர்க்கரை நோயோடு போராடிய உடம்பு அது.

அக்காவுக்கு ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். எடை அப்படியேதான் இருக்கிறது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார்.

ஜெய்பீம்.