வழியை மறைத்தவரும் வழிகாட்டும் கையேடும்

பெரிய தரவுத்தளம் ஒன்றின் கையேட்டை முதன்முறையாகத் திறப்பவர், கோபுரவாசலில் நின்று எந்தப் பிரகாரத்தில் எந்தச் சன்னிதி என்று தெரியாமல் விழிக்கும் வெளியூர்க்காரரைப் போலவே விழிப்பார். நாமும் அவ்வாறே விழித்தோம். கதைப் புத்தகம்போல் முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்திலேயே சோர்ந்து மூடிவைத்தோம். அக்கையேட்டின் அடுக்குகள் ஒரு வரலாற்றின் அடுக்குகள் என்பது பின்னர்தான் புலப்பட்டது. அவ்வரலாற்றின் நடுவே ஒரு முரண்நகையும் இருக்கிறது. நாம் இன்று கையேட்டில் வழி தேடி அலைவதற்குக் காரணம், வழி தேடும் வேலையே மனிதருக்கு வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்ததுதான்.

1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ் என்னும் அமைப்பில், ஒரு பதிவேடு அடுத்த பதிவேட்டைச் சுட்டும். அது இன்னொன்றைச் சுட்டும். வேண்டிய தகவலை அடைய, நிரல் எழுதுபவர் அந்தச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். 1973இல் டூரிங் விருது பெற்றபோது பாக்மன் ஆற்றிய உரை, நிரலாளரைக் கடலோடி என்றே பெயரிட்டு அழைத்தது. அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். திசையறிந்து செலுத்துவது ஒரு கலையல்லவா?

அந்தக் கலையே வேண்டாம் என்று கருதினார் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பறந்தவர்; பின்னாளில் கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றினார். 1970 ஜூனில் வெளியான அவரது கட்டுரையின் சாரம் இது: தகவல்கள் கணினிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற கவலை பயனருக்கு இருக்கலாகாது. எல்லாம் அட்டவணைகளாகத் தோன்றட்டும். எது வேண்டும் என்று மட்டும் மனிதர் சொல்லட்டும். எப்படிச் சென்று எடுப்பது என்பது இயந்திரத்தின் பொறுப்பு. 1974இல் ஆன் ஆர்பர் நகரில் இருவரும் ஒரே மேடையில் வாதிட்டனர். காலப்போக்கில் காட் வகுத்த நெறியே பெரிதும் பரவியது. 1981இல் அவரும் டூரிங் விருது பெற்றார்.

ஆனால் வழி என்பது மறைந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. அதன் ஒரு பாதி இயந்திரத்திற்குள் சென்றது. எந்த வழியாகப் போனால் செலவு குறைவு என்று கணக்கிட்டுத் தேர்வுசெய்யும் முறையை ஐபிஎம்மில் பட்ரீஷியா செலிஞ்சரும் குழுவினரும் 1979இல் வெளியிட்டனர். மறுபாதி கையேட்டுக்குள் புகுந்தது. எது வேண்டும் என்று சொல்வதற்கும் ஒரு மொழி வேண்டுமே! 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் என்ற பெயரில் முன்வைத்து, பிறகு எஸ்கியூஎல் என்று சுருங்கிய அம்மொழி ஆண்டுதோறும் வளர்ந்தது. தரவுகளுக்கிடையே நடந்த கால்கள் இப்போது பக்கங்களுக்கிடையே நடக்கின்றன.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் கையேட்டையே எடுத்துக்கொள்வோம். 1986இல் பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத்திட்டத்தின் வழித்தோன்றல் அது. முதலில் பயிற்சி, அடுத்து மொழி, பின்னர் நிர்வாகம், நிரல்களோடு இணைக்கும் முறைகள், நீட்டிக்கும் முறைகள். அதன்பின் கட்டளைகளின் அகராதி. இறுதியில் உள்ளமைப்பு என அது விரிகிறது. புதியவர் பயிற்சியில் தொடங்கலாம். அவசரத்தில் வருபவருக்கு அகராதிப் பகுதியே புகலிடம்.

அந்த அகராதியின் ஒவ்வொரு பக்கமும் ஒரே வார்ப்பில் அமைந்தது: பெயர், சுருக்கவடிவம், விளக்கம், எடுத்துக்காட்டு, தொடர்புடையவை. 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் மரபு இது. சுருக்கவடிவத்தில் சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம்; நெளிவு அடைப்புக்குள் நிற்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்; மூன்று புள்ளி வந்தால் மீண்டும் மீண்டும் எழுதலாம். நூற்பாவையும் உரையையும் சேர்த்துப் படித்துப் பழகிய நமக்கு இது அந்நியமானதன்று. சுருக்கவடிவம் நூற்பா, விளக்கம் உரை. உரையைத் தவிர்த்து நூற்பாவை மட்டும் படிப்பவர் இங்கும் இடறுவார்.

பலரும் புரட்டாமல் விடும் பகுதி ஒன்றுண்டு. கட்டளை பொதுத்தரத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும் பகுதி அது. எஸ்கியூஎல் 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் உலகத் தரமாகவும் ஆனது. எழுதும் வினவல் நாளை வேறொரு தரவுத்தளத்திலும் ஓடுமா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும். எக்ஸ்பிளெயின் என்ற கட்டளையின் பக்கத்தில், அப்படியொரு கட்டளை பொதுத்தரத்தில் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டளையின் வேலை என்ன தெரியுமா? நம் வினவலுக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்த வழியைக் காட்டுவது! மறைக்கப்பட்ட வழியைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு சாளரத்தைத் தரவுத்தளங்கள் தாமாகவே திறந்துவைக்க வேண்டியிருந்தது. வினவல் நத்தையாய் நகரும் நாளில் நாம் அனைவரும் மீண்டும் பாக்மனின் கடலோடிகளே.

எனினும் காட் ஒரு மாற்றுவழியையும் விட்டுச்சென்றார். 1985இல் அவர் வகுத்த விதிகளுள் நான்காவது, தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களையும் அட்டவணைகளாகவே வைத்திருக்கவேண்டும் என்கிறது. எந்த அட்டவணையில் எந்தப் பத்தி, எந்த வகை என்பதையெல்லாம் அதே மொழியில் கேட்டு அறியலாம். கையேடு பொதுவாக எல்லோரிடமும் பேசுகிறது. நம்முன் உள்ள தளத்தின் நிலவரத்தை அத்தளமே சொல்கிறது.

ஆகவே, நாம் கற்றுக்கொண்டது இவ்வளவே. கையேட்டை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. அதன் அடுக்குகள் எக்காலத்தில், எக்காரணத்தால் வந்தன என்று அறிந்துகொண்டால் போதும். ஊரின் பழங்கதை தெரிந்தவர் அதன் சந்துகளில் தொலைந்துபோவதில்லை.