கழற்றி மாட்டக்கூடிய கூரை

இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதுப்பிக்கும் நம் வந்தவாசி மாணவர், கூரையை அறுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கேன்வாஸ் போடலாமா என்று கேட்டிருந்தார்.

அறுக்க வேண்டாம் தம்பி! கூரை போல்ட்டில்தான் நிற்கிறது. காரணம் ஒரு வியாபாரச் சண்டை. 1953இல் இங்கிலாந்தின் பாடி கட்டும் கம்பெனியான ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகக் கட்டித்தர ஆளில்லாத ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப், தனித்தனித் தகடுகளைச் சேசிஸ்மேல் போல்ட் போட்டு 1959இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலொட்டி. நம் மெட்ராசில் 1961 முதல் தயாரானது. அந்தச் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே வந்தது!

கழற்றிய பிறகு துருவைச் சுரண்டி, பிரைமர் காய்ந்ததும் பெயிண்ட் அடியுங்கள். பழைய கூரையைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதற்கும் அதே நிறம் அடித்துப் பத்திரமாக வையுங்கள், மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளலாம்.